அரங்கில் அமர்ந்திருப்பவனின் பாவம்



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். உங்களில் சிலர் அந்த இரவில் என்னோடு இருந்தீர்கள். ஆகவே நான் சொல்லப்போவதற்கு நீங்களே சாட்சிகள்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள். பாரிஸ் ஒலிம்பிக்கின் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி நம் நாட்டு நேரப்படி நள்ளிரவை ஒட்டித் தொடங்கவிருந்தது. வாலிபர் ஐக்கியத்தார் என்னிடம் வந்து, சபை மண்டபத்தில் திரை கட்டிப் பார்க்க அனுமதி கேட்டார்கள். மகிழ்ச்சியோடு கொடுத்தேன். சுக்குக் காப்பி வந்தது, சுண்டல் வந்தது. சிறுவர்கள் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்தார்கள். தொடக்க ஜெபத்தை நானே செய்தேன்.

பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தம் இரண்டாம் முயற்சியில் எறிந்த ஈட்டி 92.97 மீட்டர் தொலைவில் போய் ஊன்றியது. 2008இல் பெய்ஜிங்கில் நார்வேயின் தோர்கில்ட்சன் படைத்திருந்த 90.57 மீட்டர் என்னும் ஒலிம்பிக் சாதனை அந்த ஒரே வீச்சில் கீழே விழுந்தது. ஈட்டி எறிதலை அறிந்த எவனும் எழுந்து நின்று வியக்கவேண்டிய நொடி அது. நம் மண்டபத்தில் எழுந்தது வேறொரு சத்தம். முதலில் ஒரு முணுமுணுப்பு. பின்பு அந்த மனிதனின் நாட்டையும் மதத்தையும் சேர்த்து ஒருவர் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத என் கை கூசுகிறது. அதற்குச் சிரிப்பு எழுந்தது. முன்வரிசைச் சிறுவர்களும் திரும்பிப் பார்த்து, பெரியவர்கள் சிரிப்பதால் தாங்களும் சிரித்தார்கள்.

நம் நீரஜ் சோப்ராவுக்காவது நாம் உண்மையாக இருந்தோமா? அவருடைய ஆறு முயற்சிகளில் ஐந்து பிழையாகிப்போயின. ஒவ்வொரு பிழைக்கும் மண்டபம் உச்சுக்கொட்டிற்று. இறுதியில், "இவனை நம்பி இவ்வளவு நேரம் கண்விழித்தோமே" என்றொரு குரல் கேட்டது. 89.45 மீட்டர் எறிந்து உலகில் இரண்டாம் இடத்தில் நின்ற ஒருவனைப் பற்றி, சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் சொன்ன சொல் அது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. விளக்கைப் போட்டு முடிவு ஜெபம் செய்தேன். வெள்ளிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னேன். 92.97 மீட்டர் எறிந்த மனிதனுக்கு அந்த ஜெபத்தில் இடமில்லை. நகைத்த வாய்களோடு சேர்ந்து என் வாயும் "ஆமென்" என்றது.

மறுநாள் செய்தியில் அரியானாவின் கந்த்ரா கிராமத்திலிருந்து நீரஜின் தாய் சரோஜ் தேவி பேசியதைக் கேட்டேன். வெள்ளி கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான், தங்கம் வென்றவனும் எங்கள் பிள்ளைதான் என்ற பொருளில் அந்தத் தாய் பேசினார். எல்லைக்கு அப்பால் அர்ஷத்தின் தாயும் நீரஜைத் தம் மகனைப் போன்றவன் என்றே சொன்னார். நான் ஏறவேண்டிய பிரசங்க பீடத்தில் அன்று ஏறி நின்றவர்கள் அந்த இரண்டு கிராமத்துத் தாய்மார்கள்.

பிரியமானவர்களே, போதகர்களாகிய நாங்கள் ஓட்டத்தைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். கொரிந்துவுக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. பைன் மரத் தழையாலோ வாடிய செடித் தழையாலோ பின்னிய முடிதான் அங்கே பரிசு. அந்த ஊராருக்குத்தான் பவுல் அப்போஸ்தலன் பந்தயச் சாலையைப் பற்றியும் அழிந்துபோகிற கிரீடத்தைப் பற்றியும் எழுதினார். அந்தப் பகுதியை எடுத்து, ஓடுகிறவனின் ஒழுக்கம், இச்சையடக்கம், இலக்கு என்றெல்லாம் பேசுகிறோம். ஆனால் ஓடுகிறவனைச் சுற்றி அமர்ந்திருக்கும் கூட்டத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒருவன் ஓடுகிறான், பத்தாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஓடுகிறவனுக்கு விதிகள் உண்டு, நடுவர் உண்டு. பார்க்கிறவனுக்கு என்ன விதி? அவனுக்கு யார் நடுவர்?

பார்க்கிறவனும் பாவம் செய்கிறான் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அந்தப் பாவத்தை நாம் பாவம் என்று எண்ணுவதேயில்லை. ஆகவே அது திருவிருந்துக்கு முன்னான நம் பாவ அறிக்கையில் ஒருநாளும் இடம் பெறுவதில்லை.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ரியோ டி ஜெனிரோ. கோலூன்றித் தாண்டுதலின் இறுதிப் போட்டி. முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த பிரான்சின் ரெனோ லாவில்லெனியும், பிரேசிலின் இளைஞர் தியாகோ பிராசும் கடைசியில் எஞ்சி நின்றார்கள். பிராஸ் 6.03 மீட்டர் தாண்டி ஒலிம்பிக் சாதனை படைத்தார். தம் மண்ணின் மகன் வென்றதற்கு அந்த அரங்கம் ஆர்ப்பரித்ததில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்தப் பிரெஞ்சு வீரர் கோலைப் பற்றிக்கொண்டு ஓடத் தயாராகும்போதெல்லாம் அவர்கள் ஊளையிட்டார்கள். ஒருமித்த கவனமும் அமைதியும் தேவைப்படும் அந்த நொடியைத் தேர்ந்தெடுத்து ஊளையிட்டார்கள். மறுநாள் பதக்க மேடையில் வெள்ளியை வாங்க அவர் நின்றபோதும் அந்த இகழ்ச்சி தொடர்ந்தது. உலகச் சாதனை தம் பெயரில் இருந்த அந்த மனிதர் மேடையில் நின்று அழுதார். தங்கம் வென்ற பிராசே தம் நாட்டாரை நோக்கி, நிறுத்துங்கள், கைதட்டுங்கள் என்று சைகை காட்டவேண்டியதாயிற்று. பழம்பெரும் வீரர் செர்கே புப்கா அருகிருந்து அவரைத் தேற்றினார்.

போட்டி முடிந்த கையோடு, அந்தக் கூட்டத்தை 1936ஆம் ஆண்டு பெர்லினில் ஜெசி ஓவன்ஸ் எதிர்கொண்ட கூட்டத்தோடு லாவில்லெனி ஒப்பிட்டார். பின்பு அதற்கு மன்னிப்பும் கேட்டார். அந்த ஒப்பீடு பிழையானது. அது பிழையாக இருப்பதுதான் நம்மை இன்னும் நாணச் செய்கிறது. ஹிட்லரின் கொடிகள் பறந்த அந்த அரங்கில், கறுப்பின அமெரிக்கரான ஓவன்ஸுக்குப் பெர்லின் மக்கள் கைதட்டினார்கள் என்பதே வரலாறு. கோர்கோவாடோ மலைமேல் கிறிஸ்துவின் சிலை இரு கைகளையும் விரித்து நிற்கிற ரியோவிலோ, ஒரு விருந்தாளியை அழும்வரை இகழ்ந்தார்கள். சிலை எழுப்புவதால் ஒரு நகரம் கிறிஸ்தவ நகரமாகிவிடாது. சிலுவை மாட்டியிருப்பதால் நம் மண்டபமும் அப்படி ஆகிவிடவில்லை.

"ஐயா, நாட்டுப்பற்று பாவமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை. சொந்த நாட்டின் கொடி ஏறும்போது கண் கலங்குவது இயல்பானது, நல்லதும்கூட. ஆண்டவர் தாமும் தம் நகரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்தாம். ஆனால் என் பிள்ளையின்மேல் எனக்குள்ள அன்பு, அடுத்த வீட்டுப் பிள்ளை இடறி விழும்போது கைகொட்டிச் சிரிக்கச் சொல்லுமானால், அதற்கு அன்பென்று பெயரில்லை. நம்மவன் ஓடும்போது எழும் மகிழ்ச்சியை வைத்து நம் நாட்டுப்பற்றை அளக்க முடியாது. நம்மவனை மற்றவன் முந்தும்போது நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதே அளவுகோல்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசு தாம் வளர்ந்த ஊராகிய நாசரேத்தில் ஜெப ஆலயத்தில் பேசுகிறார். ஊரார் முதலில் வியக்கிறார்கள், அவர் வாய்ச்சொல்லைப் பாராட்டுகிறார்கள். நம்ம யோசேப்பின் மகன் அல்லவா என்கிறார்கள். அவ்வேளையில் அவர் இரண்டு பெயர்களைச் சொல்கிறார். பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சரெப்தாவின் விதவையிடம். எலிசாவின் நாட்களில் குஷ்டம் நீங்கியது சீரிய நாட்டு நாகமானுக்கு. நாகமான் யார்? எதிரி நாட்டின் படைத்தலைவன். அவன் நாட்டுப் படையினர் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன ஒரு சிறு பெண் அவன் வீட்டில்தான் வேலை செய்தாள். அப்படிப்பட்டவனைப் பற்றி நல்ல சொல் சொன்னதும், பாராட்டிய அதே ஊரார் கோபத்தால் நிறைந்து, அவரைத் தள்ளிவிட மலை விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். பாராட்டுக்கும் கொலைவெறிக்கும் இடையே சில நிமிடங்களே இருந்தன. அவர் செய்த குற்றம், எதிரி நாட்டானுக்கும் தேவன் கிருபை செய்தார் என்று நினைவூட்டியது ஒன்றே.

இப்போது நீரஜ் சோப்ராவின் கதைக்குத் திரும்பி வாருங்கள். அது மூன்று அதிகாரங்கள் கொண்டது.

முதல் அதிகாரம் 2021. டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து அவர் தங்கம் வென்றார். சில நாட்கள் கழித்து ஒரு பேட்டியில், போட்டி தொடங்கும்போது தம் ஈட்டியைத் தேடியதாகவும், அது அர்ஷத்தின் கையில் இருந்ததாகவும், கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் சாதாரணமாகச் சொன்னார். அவ்வளவுதான். திருட்டு, சதி என்று சமூக ஊடகங்கள் கொதித்தன. போட்டியில் வைக்கப்படும் ஈட்டியை யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம் என்பது விதி. அது தெரியாதவர்களே மிகுதியாகக் கொதித்தார்கள். கடைசியில் நீரஜ் தாமே ஒரு காணொளி வெளியிட்டு, விதியை விளக்கி, உங்கள் பகையைத் தீர்த்துக்கொள்ள என்னைக் கருவியாக்காதீர்கள் என்னும் பொருளில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தங்கம் கொண்டுவந்த பிள்ளை, அந்த மாதம் முடியுமுன்பே தன் ரசிகர்களைக் கெஞ்சவேண்டிய நிலை!

இரண்டாம் அதிகாரம் 2024. அந்தத் தாயின் சொல்லை நாடே கொண்டாடிற்று. நாமும் அதை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம். நானும் அனுப்பினேன்.

மூன்றாம் அதிகாரம் 2025 ஏப்ரல். பெங்களூரில் தம் பெயரால் நடக்கவிருந்த போட்டிக்கு உலகின் சிறந்த ஈட்டி வீரர்களை நீரஜ் அழைத்தார். அர்ஷத்துக்கும் அழைப்புச் சென்றது. அதற்குப் பின்பு பகல்காமில் கொடிய தாக்குதல் நிகழ்ந்தது. இருபத்தாறு உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களின் கண்ணீரை நான் ஒருநாளும் சிறிதாக எண்ணமாட்டேன், நாம் அவர்களுக்காக ஜெபித்தோம். ஆனால் அந்தத் துயரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு சிலர் நீரஜின்மேல் பாய்ந்தார்கள். தாக்குதலுக்கு முன்பே அனுப்பிய அழைப்புக்காக அவரைத் துரோகி என்றார்கள். அவருடைய குடும்பத்தை ஏசினார்கள். நீரஜ் வேதனையோடு ஓர் அறிக்கை வெளியிட்டார். ஓராண்டுக்கு முன் தம் தாய் கள்ளமில்லாமல் சொன்ன சொல்லைப் புகழ்ந்தவர்களே இன்று அதே சொல்லுக்காக அவரைத் தாக்குகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டார். அதே தாய், அதே சொல். நாசரேத்தில் சில நிமிடங்களில் நடந்தது, இங்கே எட்டு மாதங்களில் நடந்தது. வேறுபாடு அவ்வளவே.

நாகமானைப் பற்றி இயேசு சொன்னதும், அர்ஷத்தைப் பற்றி அந்தத் தாய் சொன்னதும் ஒரே திசையில் நிற்கிற சொற்கள். அப்படியானால் மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் நாம் எங்கே நின்றோம்? கேட்டுப் பாருங்கள்.

நம் மண்டபத்தில் ஏளனத்துக்கு ஆளான அந்த மனிதனைப் பற்றி அன்று நமக்கு என்ன தெரியும்? அவர் பஞ்சாபின் மியான் சன்னு என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். தந்தை கட்டட வேலை செய்து பிழைத்தவர். தொடக்க நாட்களில் ஊராரும் உறவினரும் பணம் சேர்த்து அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று அந்தத் தந்தையே சொல்லியிருக்கிறார். பாரிசுக்குச் சில மாதங்களுக்கு முன்புவரை, ஏழெட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திச் சேதமடைந்த ஒரே ஈட்டியோடு அவர் திண்டாடினார். இவ்வளவு பெரிய வீரனுக்கு ஓர் ஈட்டி கிடைக்கவில்லையா என்று அவருக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் நீரஜும் ஒருவர். களத்தில் எதிராளிகளாக நின்ற இருவரும் ஒருவர் பாரத்தை ஒருவர் அறிந்திருந்தார்கள். நம் சபையிலும் கொத்தனார் மக்கள் உண்டு, வீட்டுக்கு வீடு பணம் திரட்டிப் படிக்க அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அந்த ஈட்டி ஊன்றியபோது மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். நம் மக்களில் ஒருவன் அங்கே வென்றான், நாம் அவனை அறியவில்லை.

இந்தக் கூட்ட மனம் எதிரியோடு நின்றுவிடுவதில்லை. முதலில் அயலானைத் தின்னும், பின்பு சொந்தப் பிள்ளையைத் தின்னும். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1986இல் சியோலில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். தங்க மங்கை என்றோம். இரண்டே ஆண்டுகளில், 1988இல், அதே சியோல் நகரத்தில் ஒலிம்பிக். காயம்பட்ட காலோடு ஓடி, முதல் சுற்றிலேயே வெளியேறினார். புகழ்ந்த வாய்களிலிருந்தே வசை புறப்பட்டது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டீர்களா? செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். நம்ம ஊர்ப் பிள்ளை என்று மார்தட்டினோம். பின்பு பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கம் ஊரெல்லாம் செய்தியாயிற்று. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்து அவரைத் தாங்கிற்று, அது நன்று. ஆனால் தேநீர்க் கடைகளில் என்ன பேசினார்கள்? திருச்சபையின் வாசலில் என்ன பேசினோம்? சில ஆண்டுகளுக்குப் பின், பெற்றோர் சுமந்த அதே செங்கல்லை அவரும் சூளையில் சுமக்க நேர்ந்தது. அப்போது, அவருக்காக ஆர்ப்பரித்த கூட்டம் எங்கே இருந்தது?

நம் பேச்சின் இலக்கணத்தையே கவனியுங்கள். வென்றால், "நாம் வென்றோம்" என்கிறோம். தோற்றால், "அவன் தோற்றான்" என்கிறோம். வெற்றிக்குத் தன்மைப் பன்மை, தோல்விக்குப் படர்க்கை ஒருமை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஓடியது நாமல்ல. கிழிந்த தசையோடு படுத்தது நாமல்ல. விதைக்காத நிலத்தில் அறுவடைக்கு மட்டும் அரிவாளோடு வந்து நிற்கிறோம். விளைச்சல் குறைந்தால் உழுதவனை ஏசுகிறோம். வேறொருவன் வியர்வையைத் தனதென்று எடுத்துக்கொள்வதற்கு வேதாகமத்தில் உள்ள பெயர் களவு.

"இது விளையாட்டுதானே ஐயா, நாலு பேர் கூடினால் நாலு சொல் வரத்தான் செய்யும்" என்போர் உண்டு. கூட்டத்தில் சொன்ன சொல்லுக்குக் கணக்கில்லை என்று யார் சொன்னது? அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தார் அரங்கசாலையில் கூடி, தங்கள் தேவதையின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் முழங்கினார்கள். தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். வேதாகமத்திலேயே கூர்மையான ஏளனங்களில் ஒன்று அது. நோக்கம் அறியாத முழக்கம், ஆனால் அதற்காகப் பவுலின் தோழர்கள் பிடித்து இழுக்கப்பட்டார்கள். கூட்டத்தில் மறைந்துகொண்டு கூவும்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை, ஆனால் கல் பட்டவனுக்கு வலிக்கிறது. இன்று அரங்கசாலை நம் உள்ளங்கையில் இருக்கிறது. கைபேசியில் தட்டிவிடுகிற சொல்லும் வீணான வார்த்தைதான். நியாயத்தீர்ப்பு நாளில் அதற்கும் கணக்குக் கேட்கப்படும் என்று ஆண்டவர் எச்சரித்திருக்கிறார்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். வேதாகமமே நமக்கு ஓர் அரங்கத்தைக் காட்டுகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், நாம் ஓடுகிறோம், நம்மைச் சுற்றிலும் மேகத்தைப் போல ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று 11ஆம் அதிகாரம் பெயர் சொல்லிச் சொல்கிறது: ஆபேல், நோவா, ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப். ஒருவரும் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். எல்லாரும் ஓடியவர்கள், வழியில் இடறியவர்கள், இளைத்தவர்கள். நிருபம் அவர்களுக்குக் கொடுக்கிற பெயர் சாட்சிகள். வேடிக்கை பார்ப்பவனுக்குக் கண் மட்டும் போதும். சாட்சிக்கோ, கண்ட உண்மையைச் சொல்கிற வாய் வேண்டும், அதன் விலையைக் கொடுக்கிற நெஞ்சும் வேண்டும். பரலோகத்தின் அந்த அரங்கில், தடுக்கி விழுகிறவனைப் பார்த்து ஊளையிடுகிறவர் எவருமில்லை. தாங்கள் தடுக்கிய இடங்கள் அவர்களுக்கு நினைவிருக்கின்றன.

பூமியிலும் எப்போதாவது ஓர் அரங்கம் அதைப் போல் ஆகிவிடுவதுண்டு. உஷா ஓடிய அதே 1984, அதே லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஆண்டு. அமெரிக்காவின் ஜோன் பெனோய்ட் வென்று வெகு நேரமாயிற்று. அப்போது சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் அரங்கத்துக்குள் தள்ளாடி நுழைந்தார். வெயிலும் நீரிழப்பும் அவர் உடலை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தன. உதவ வந்த மருத்துவர்களை, தொட்டால் தகுதி போய்விடும் என்று கையசைத்து விலக்கினார். அந்தக் கடைசிச் சுற்றுக்கு அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. அவர் அந்தக் கூட்டத்தாரின் நாட்டுக்காக ஓடவில்லை, பதக்கத்துக்காகவும் ஓடவில்லை. ஆயினும் அரங்கம் எழுந்து நின்று, அவர் கோட்டைக் கடந்து விழும்வரை கைதட்டிற்று. அவர் பெற்ற இடம் 37. அன்றைய மற்ற பதக்கக்காரர்களின் பெயர்களை மறந்தவர்கள்கூட அந்த 37ஆம் இடத்தை மறக்கவில்லை.

பெனோய்ட் வென்றபோது ஆர்ப்பரித்த அதே அமெரிக்கக் கூட்டம்தான் அது. தம்மவளுக்காக மகிழ்ந்ததும் உண்மை, அயலவளுக்காக எழுந்து நின்றதும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. ஆகவே, இது மனிதரால் ஆகாத காரியம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பிரியமானவர்களே, 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி, நகோயா பகுதியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருக்கின்றன. வாலிபர்கள் மீண்டும் மண்டபம் கேட்பார்கள். நான் மீண்டும் திறந்து கொடுப்பேன். பூட்டி வைப்பதால் மனம் மாறாது. ஆனால் இம்முறை மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்வேன்.

முதலாவது, திரை ஒளிரும் முன் நம் நாட்டு வீரர் ஒருவரைப் பற்றியும் அயல்நாட்டு வீரர் ஒருவரைப் பற்றியும் வாலிபர்கள் படித்து வந்து சொல்லவேண்டும். அவர் எங்கே பிறந்தார், எப்படி உழைத்தார், எதைச் சுமந்து அங்கே வந்து நிற்கிறார் என்று சொல்லவேண்டும். ஒருவனுடைய தாயின் பெயரைத் தெரிந்துகொண்டபின் அவனை ஏசுவது கடினம்.

இரண்டாவது, வெல்பவர் எவராயினும், எந்த நாட்டவராயினும், எந்த மதத்தவராயினும் எழுந்து நின்று கைதட்டவேண்டும். கடைசியாக வருகிறவருக்கும் அப்படியே. கைகள் பழகினால் மனம் மெல்லப் பின்தொடரும்.

மூன்றாவது எனக்கானது. தகாத சொல் ஒன்று எழுமானால், நான் அந்த நொடியிலேயே எழுந்து திரையை அணைப்பேன். யாருக்குச் சங்கடமானாலும் சரி. 2024இல் நான் மௌனமாயிருந்தேன். முன்வரிசையில் பாய்மேல் அமர்ந்திருந்த பிள்ளைகள் அன்று என்னிடமிருந்து கற்றுக்கொண்டது அந்த மௌனத்தைத்தான். பத்து நாட்கள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி நாம் கற்பித்ததை, ஒரு நள்ளிரவுச் சிரிப்பு அழித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளிடம் கடந்த ஞாயிறு நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று அந்தச் சொல்லைச் சொன்னவரும் இதை வாசிப்பார் என்று அறிவேன். ஐயா, உங்களைக் குற்றப்படுத்த நான் இதை எழுதவில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னீர்கள், நான் அதற்கு ஆமென் சொன்னேன். நம் இருவருக்கும் ஒரே கிருபை தேவை.

ஜெபம்: ஓட்டத்தைத் தொடங்குகிறவரும் முடிக்கிறவருமாகிய ஆண்டவரே, அமர்ந்திருந்து பார்த்த எங்கள் கண்களையும், அங்கிருந்து பேசிய எங்கள் நாவுகளையும் மன்னியும். எங்களுக்கு முன்னே ஓடுகிறவர்களின் வியர்வையைக் கனம்பண்ணக் கற்றுத்தாரும். எங்கள் பிள்ளைகளை முந்திச் செல்லும் அயலாரின் பிள்ளைகளுக்காகவும் உம்மைத் துதிக்கிற இருதயத்தைத் தாரும். அன்று நான் சொல்லத் தவறிய நன்றியை இன்று சொல்லுகிறேன்: நீரஜுக்காகவும் நன்றி, அர்ஷத்துக்காகவும் நன்றி, அந்த இரண்டு தாய்மாருக்காகவும் நன்றி. இயேசுவின் நாமத்தில், ஆமென்.